கிணற்றைப் பார்த்துக் கடைக்கால் போடுங்கள்

சேலத்திலிருந்து ராசிபுரம் வழியாக நாமக்கல்லுக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும், சில வருஷங்களுக்கு முன்புவரை சோளமும் நிலக்கடலையும் மரவள்ளியும் விளைந்த மேட்டுக்காடுகள் இன்று மனைகளாகப் பிரிக்கப்பட்டு, வெள்ளை பூசிய எல்லைக்கற்களைத் தாங்கி நிற்கின்றன. தறிக்கூலியிலும் லாரி ஓட்டத்திலும் கோழிப்பண்ணைச் சம்பளத்திலும் இருபது வருஷமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தையும், அதற்குமேல் வாங்கிய கடனையும் கொண்டு, முழு வேலையையும் ஓர் ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைக்க வசதியின்றி, தானே பொருள் வாங்கிக் கொடுத்துக் கொத்தனாருக்குக் கூலி மாத்திரம் பேசி வீடு கட்டிக்கொள்கிற சாமானியக் குடும்பஸ்தர்களை அந்த மனைகளில் நான் அடிக்கடி காண்கிறேன். அவர்களுடைய பணத்தில் எத்தனை பங்கு அவசியமின்றி மண்ணுக்குள் புதைகிறது என்பதையும், எத்தனை பேர் அவசியமான இடத்தில் அதைச் செலவிடாமல் விட்டுப் பின்னர் வருந்துகிறார்கள் என்பதையும் எண்ணி நான் விசனப்படாத நாள் குறைவு. இந்தக் கட்டுரை அவர்களுக்காக எழுதப்படுகிறது.

நம் பக்கத்தில் வீட்டு வேலை தொடங்கும் கிரமம் எல்லோருக்கும் தெரிந்ததே. முதலில் மனையடி சாஸ்திரம் பார்த்து வாஸ்து நாள் குறிக்கப்படுகிறது, பிறகு வரைபடம், பிறகு கூலிப் பேச்சு, பூமி பூஜை நடந்த மறுநாள் ஜே.சி.பி. வந்து நிற்கிறது. மண்ணுக்குள் என்ன இருக்கிறது என்பது அந்த இயந்திரத்தின் வாளி இறங்கும்போதுதான் முதன்முதலாகத் தெரியவருகிறது. அதற்குள் எத்தனை பில்லர், எவ்வளவு ஆழம், எவ்வளவு கம்பி என்பதெல்லாம் தீர்மானமாகிக் கம்பிக்கடைக்கு முன்பணமும் போய்ச் சேர்ந்திருக்கும். அந்தத் தீர்மானம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்தால், பக்கத்து மனைக்காரர் என்ன போட்டாரோ அதுவே நமக்கும் என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும்.

“பில்லர் போட்டாத்தாங்க கெட்டி, நாளைக்கு மேல மாடி எடுக்கோணும்னா என்ன பண்ணுவீங்க?” என்று கொத்தனார் கேட்கிற கேள்விக்கு வீட்டுக்காரரிடம் விடை இருப்பதில்லை. மாடி என்ற சொல் காதில் விழுந்தவுடன், மகனுக்கு ஒரு தளம், மகளுக்கு ஒரு தளம் என்று அவர் மனம் ஓடத் தொடங்கிவிடுகிறது. சுவரே பாரத்தைச் சுமக்கும்படி கட்டிய வீட்டின்மேல் ஒரு மாடி எடுப்பது நம் பாட்டனார் காலத்திலிருந்து நடந்துவரும் சாதாரணக் காரியம் என்பதையும், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இன்றும் நிற்கிற பழைய மாடி வீடுகள் கான்கிரீட் தூண் என்ற ஒன்று வருவதற்கு முன்பே எழுந்தவை என்பதையும் அந்த நேரத்தில் அவருக்கு எடுத்துச் சொல்வார் யாருமில்லை. கொத்தனாரைக் குறைசொல்லி என்ன பயன்? அவர் கடந்த இருபது வருஷத்தில் கற்றுக்கொண்ட வேலை அது. கல்கட்டு வேலை தெரிந்த கைகளோ வருஷாவருஷம் குறைந்துவருகின்றன.

ஆயிரம் சதுர அடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு பில்லர், ஐந்தடிச் சதுரமும் ஐந்தடி ஆழமுமாகப் பன்னிரண்டு குழிகள், 1,500 கன அடி மண்வேலை. அதே வீட்டின் சுவர்களுக்கு அடியில் இடைவிடாமல் ஓடும் கருங்கல் கடைக்காலுக்கு, சுவர் நீளம் 180 அடி, அகலம் இரண்டரை அடி, ஆழம் மூன்றடி எனக் கொண்டால், 1,350 கன அடி. தோண்டுகிற செலவில் பெரிய பேதமில்லை. ஆனால் பில்லர் போட்டவர் அதோடு நிற்பதில்லை. பில்லர்களுக்கு நடுவே நிரப்பிய மண் சரியாமலிருக்க ஒரு கல்கட்டு, அதன்மேல் கிரேடு பீம், அதன்மேல் மறுபடியும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்று, கூரையின் பாரத்தைத் தாங்கவல்ல இரண்டு ஏற்பாடுகளை ஒரே வீட்டுக்குள் செய்து, இரண்டிற்கும் முழுப்பணம் கொடுக்கிறார். தரைமட்டம் வரையிலான கம்பியில் மாத்திரம், நான் போட்டுப் பார்த்த கணக்கில், ஏறக்குறைய அரை டன் வித்தியாசம் வருகிறது. மண் கெட்டியாக உள்ள இடத்தில் இந்த அரை டன் கம்பி செய்கிற வேலை ஏதுமில்லை.

மண் கெட்டியா என்பதை எப்படி அறிவது? ஆண்டகளூர்கேட் பக்கத்தில் மனை வாங்கிய நண்பர் ஒருவருடன் சென்ற வைகாசியில் நான் போயிருந்தேன். மனைக்கு இருநூறடி தூரத்தில், இன்னும் விற்கப்படாமல் எஞ்சியிருந்த ஒரு காட்டில், நம் பிரதேசத்திற்கே உரிய அகன்ற சதுரக் கிணறு ஒன்று இருந்தது. அதன் சொந்தக்காரராகிய முதியவர், நாங்கள் மனையைக் காலால் மிதித்து மிதித்துப் பார்ப்பதைக் கண்டு, “மேல நின்னுக்கிட்டு என்னத்தப் பாக்கறீங்க? இங்க வந்து எட்டிப் பாருங்க சாமி, உங்க கடக்கால் இதுல தெரியுது” என்று அழைத்தார். போய்ப் பார்த்தோம். விளிம்பிலிருந்து ஒன்றரை அடிக்குச் செம்மண், அதில் வேப்பம் வேர்கள் நூல்நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அதற்கடியில் இரண்டடிக்கு, சுண்ணாம்பு உருண்டைகளைப் பதித்து வைத்தாற்போல வெளிறிய சுக்கான். அதற்கும் கீழே மஞ்சளும் காவியுமான மொரம்பு. அவருடைய தகப்பனார் காலத்தில் இறங்கிய கடப்பாரையின் தடங்கள் அந்த மொரம்பில் இன்னும் மழுங்காமல் இருந்தன. பன்னிரண்டு அடிக்குக் கீழே சாம்பல் நிறப் பாறை, அதில் தமர் போட்டு வெடிவைத்த அரைவட்டத் தடங்கள். அறுபது வருஷ மழையிலும் வெயிலிலும் கல்லணை ஏதுமின்றிச் செங்குத்தாக நிற்கிற அந்த மொரம்புச் சுவரைவிட நம்பகமான அத்தாட்சி வேறென்ன வேண்டும்?

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளி பெரும்பாலும் பாறையின்மேல் விரித்த மெல்லிய மண்போர்வையே. ஏற்காட்டு மலையாகிய சேர்வராயன் மலை சார்னோக்கைட் என்னும் கருங்கல்லால் ஆனது. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு உபயோகித்த கல்லை வைத்து ஹாலண்ட் என்ற நிலவியலார் அந்தப் பெயரைச் சூட்டினார். மலையைச் சூழ்ந்த வெளியில் நைஸ் பாறையும் அதன் சிதைவுகளும் பரந்து கிடக்கின்றன. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் அந்தப் பாறைகள் மண்ணைக் கிழித்துக்கொண்டு நகரின் நடுவிலேயே எழுந்து நிற்கின்றன. பாறை சிதைந்து மொரம்பாகி, மொரம்பு சிதைந்து செம்மண்ணாகிய இந்த நிலத்தில், மூன்றடியிலிருந்து நாலடிக்குள் கடப்பாரை ‘ணங்’ என்று திரும்பும் இடங்கள் ஏராளம். ஆனால் எல்லா இடமும் அப்படியல்ல. திருமணிமுத்தாற்றின் ஓரத்திலும், சரபங்கா நதியின் ஓரத்திலும், பரமத்தி வேலூர், மோகனூர் பக்கத்துக் காவிரிக் கரையிலும் வண்டல் ஆழமாகக் கிடக்கிறது. ஏரிகளின் கீழும் பள்ளக்காடுகளிலும் திட்டுத்திட்டாகக் கரிசல் உண்டு. ஒரே ஊரில் தெருவுக்கு இந்தப்புறம் மொரம்பும் அந்தப்புறம் கரிசலுமாக மாறுவதை நான் கண்டிருக்கிறேன். பக்கத்து மனைக்காரரைப் பின்பற்றுவது புத்திசாலித்தனம் ஆகாததற்கு இதுவே காரணம்.

கிணறு பக்கத்தில் இல்லையென்றால் ஆழ்துளைக் கிணறு இருக்கும். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் துளைபோடப் போகின்றன. சொந்த மாவட்டத்தில் அவை போடாத தெரு இல்லை. பக்கத்து வீடுகளில் விசாரித்து, கேசிங் பைப் எத்தனை அடி இறங்கிற்று என்று கேளுங்கள். சரிகிற மேல்மண்ணைத் தடுக்கத்தான் அந்தக் குழாய். அது இருபதடியில் நின்றதென்றால் அதற்குக்கீழே பாறை என்று அர்த்தம், எண்பதடி இறங்கிற்றென்றால் விஷயம் வேறு. ஒரு பைசா செலவில்லாத மண் பரிசோதனை இது. மனைக்குள்ளேயே குழி தோண்டிப் பார்ப்பதற்கு முன்னால் செய்யவேண்டியது. அதற்குப் பதிலாகச் செய்யவேண்டியதன்று.

பாரத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பது அங்குலக் கனமும் பத்தடி உயரமும் உள்ள செங்கல் சுவர், அது சுமக்கும் பாதி அறையின் கான்கிரீட் தளம், மேல்தளத்து ஓடு, அடியிலுள்ள கல்கட்டு எல்லாவற்றையும் கூட்டினால், சுவரின் ஓரடி நீளத்திற்கு உத்தேசமாக ஒன்றேகால் டன் ஆகிறது. இரண்டரை அடி அகலக் கடைக்காலில் அதைப் பரப்பினால் சதுர அடிக்கு அரை டன். மாடியும் எடுத்து, இருபுறமும் தளத்தைத் தாங்கும் நடுச்சுவராகவும் இருந்தால், சதுர அடிக்கு ஒரு டன்னைச் சற்றே தாண்டும். அந்தச் சுவருக்கு மட்டும் கடைக்காலை அரையடி அகலப்படுத்தினால் போதும். கெட்டியான மொரம்பு சதுர அடிக்கு இரண்டு டன் வரை தயக்கமின்றித் தாங்கும். ஆகவே, கீழ்த்தளமும் ஒரு மாடியும் உள்ள குடியிருப்பு வீட்டிற்கு, மொரம்பு தட்டுப்படும் மனையில், ஒழுங்காகக் கட்டிய கருங்கல் கடைக்காலே போதுமானது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஒழுங்காகக் கட்டிய என்ற சொல்லில்தான் சூட்சுமம் இருக்கிறது. கல்கட்டுக்குக் கெட்ட பெயர் வந்தது கல்லால் அல்ல, கட்டுகிற விதத்தால். வாணம் தோண்டியபின் அடிமட்டத்தில் இயந்திரம் கலைத்துவிட்ட பொடிமண்ணை மண்வெட்டியால் வழித்தெடுத்து, தண்ணீர் தெளித்துத் திமிசு போடவேண்டும். பலர் அந்தப் பொடியின்மேலேயே கான்கிரீட்டைக் கொட்டிவிடுகிறார்கள். ஒன்றரை ஜல்லியில் நாலங்குலம் முதல் ஆறங்குலம் வரை கான்கிரீட் போட்டு, அதன்மேல் கல் வைக்கத் தொடங்கும்போது வீட்டுக்காரர் அங்கே நிற்கவேண்டும். கூரை கான்கிரீட்டன்று நிற்பதைவிட இது முக்கியம். முகப்பில் இருபுறமும் பெரிய கல்லாக அடுக்கி, நடுவயிற்றில் சக்கையையும் மண்ணையும் கொட்டி, மேலே கலவையை மெழுகிவிட்டால், பார்வைக்கு அது நல்ல கட்டுதான்; உள்ளே அது இரண்டு மெல்லிய சுவர்களுக்கு நடுவே ஒரு குப்பைக்குழி. நடுவிலுள்ள ஒவ்வொரு சந்திலும் கலவையை இட்டு அதில் சக்கையைச் சுத்தியால் தட்டி இறக்கவேண்டும். சுவரின் இரு முகங்களையும் தொடுகிற நீளக்கல் ஒன்றை, ஐந்தாறு அடிக்கு ஒன்று வீதம், ஒவ்வொரு வரிசையிலும் வைக்கவேண்டும். கல்லை நனைத்து வைக்கவேண்டும். கட்டி முடித்த பகுதியில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள்: தேங்கி நின்று மெதுவாக ஊறினால் கட்டு சரி, ‘கொளக்’ என்று உள்ளே இறங்கி மறைந்தால், அன்றைய கூலியைக் கொடுக்குமுன் பேசவேண்டியது இருக்கிறது.

கேரளத்தில் நெடுங்காலம் ஏழைகளுக்கு வீடு கட்டிக்கொடுத்த லாரி பேக்கர் (1917–2007) இந்த விஷயத்தில் சொன்ன இரண்டு யோசனைகள் நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும். வாணம் தோண்டுகிற மண்ணை வெளிப்புறம் எறிந்துவிட்டு, பிறகு அதையே கூலி கொடுத்து உள்ளே அள்ளிக் கொட்டுகிறோமே, முதலிலேயே உட்புறம் எறிந்தால் என்ன என்று அவர் கேட்டார். இன்னொன்று, பதினெட்டு அங்குலக் கல்கட்டின் நடுமத்தியில் ஒன்பது அங்குலச் சுவரை வைத்து, வெளியே நாலரை அங்குலப் படி ஒன்றைச் சுற்றிலும் விடுகிற பழக்கத்தைப் பற்றியது. சுவரில் வழிகிற மழைத்தண்ணீரெல்லாம் அந்தப் படியில் நின்று கல்கட்டுக்குள் இறங்குகிறது, சுவரின் வெளிமுகத்தைக் கல்கட்டின் வெளிமுகத்தோடு சேர்த்து நிறுத்துங்கள் என்றார். இரண்டிற்கும் செலவில்லை. இரண்டையும் நம் கொத்தனார்களில் பலர் இன்றளவும் செய்வதில்லை.

கல்கட்டின் தலையில் ஒரு பெல்ட் அவசியம். ஆறங்குலக் கனம், நாலு கம்பி, வீட்டின் எல்லாச் சுவர்களின்மேலும் அறுபடாமல் ஓடவேண்டும். பூகம்ப அபாயத்திற்கான 2002-ஆம் வருஷத்து இந்தியத் தர நிர்ணயப் பட்டியலில் சேலம் மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. சென்னையும் அதே மண்டலம்தான். கம்பிக்கென்று ஒதுக்கிய பணத்தைக் கடைக்காலில் செலவிட உசிதமான இடம் இதுவே. ஈரம் சுவரில் ஏறாமல் தடுப்பதும் இந்தப் பெல்ட்டே.

பில்லர் கூடாது என்று நான் சொல்லவில்லை. கீழே கார் நிறுத்தவும் கடை வைக்கவும் சுவரின்றித் திறந்த இடம் வேண்டுமானால், இரண்டு மாடிக்குமேல் உத்தேசமிருந்தால், ஆழமான நிரப்பு மண்ணில் மனை அமைந்திருந்தால், பில்லர்தான் வழி. அதை ஒரு பொறியாளர் கணக்கிட்டுக் கொடுக்கவேண்டும். நிரப்பு மண் என்றவுடன் நம் பக்கத்துக்கே உரிய ஓர் அபாயத்தைக் குறிப்பிடவேண்டும். காட்டை மனையாகப் பிரிக்கும்போது அதிலிருந்த பழைய கிணற்றை மூடிவிடுகிறார்கள். நாற்பதடி அகலமும் அறுபதடி ஆழமுமாகப் பாறையில் வெட்டிய குழியில் கட்டிட இடிபாட்டையும் குப்பையையும் ஓடைமண்ணையும் தள்ளி, மேலே ஒரு லோடு செம்மண்ணைப் பரப்பிவிட்டால், அடுத்த மாதம் அங்கே எல்லைக்கல் நின்றுகொண்டிருக்கும். வீட்டின் ஒரு மூலை அந்த நிரப்பின்மேலும் மற்ற மூன்று மூலைகள் பாறையின்மேலும் உட்கார்ந்தால், எந்தப் பில்லரும் அதைக் காப்பாற்றாது. மனையின் புல வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். கிணறு அதில் குறிக்கப்பட்டிருப்பதுண்டு. அந்தக் காட்டில் ஆடு மேய்த்தவர்களையும் கேளுங்கள். அவர்களுக்கு நிச்சயமாகத் தெரியும். கிணறு இருந்த மனை என்று தெரிந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காதீர்கள்.

இனிக் கரிசல். என் உறவினர் ஒருவர் நாமக்கல்லுக்குத் தெற்கே பள்ளக்காட்டு மனை ஒன்றில், மொரம்பில் போடுவதுபோலவே மூன்றடிக் கல் கடைக்கால் போட்டு வீடு கட்டினார். முதல் வருஷம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வருஷம் பங்குனியில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு கோடு கிளம்பிற்று. சித்திரைக் கடைசியில் அதில் ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தது; ஐப்பசி மழை பெய்ததும் விரிசல் மூடிக்கொண்டது, ஆனால் வாசற்கதவு நிலையில் இறுகிக்கொண்டு சாத்த மறுத்தது. கலவை பூசி, வர்ணம் அடித்து, மறுவருஷம் மறுபடியும் அதே விரிசல். இப்போது ஒன்பது வருஷமாக அவர் ஒவ்வொரு கோடையிலும் கொத்தனாரை அழைத்துக்கொண்டிருக்கிறார். சுவரில் எந்தக் குற்றமும் இல்லை. மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி, வருஷத்திற்கு ஒருமுறை மூச்சு விடுகிற மண்ணின்மேல், மூச்சு விடாத கல்லை அவர் வைத்துவிட்டார்.

இத்தகைய மண்ணை அடையாளம் காண ஒரு சுலபமான சோதனை உண்டு. ஆய்வுக்கூடங்களில் செய்வதும் அதுவே. மண்ணை நன்றாகக் காயவைத்துப் பொடித்து மெல்லிய சல்லடையில் சலித்து, பத்துக் கிராம் வீதம் இரண்டு அளவுக் குழாய்களில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றொன்றில் மண்ணெண்ணெயும் நூறு மில்லி வரை ஊற்றி, கலக்கி, ஒரு நாள் முழுவதும் அசையாமல் வைத்துவிடவேண்டும். மண்ணெண்ணெயில் மண் உப்புவதில்லை. தண்ணீரில் படிந்த மண்ணின் உயரம் மண்ணெண்ணெயில் படிந்ததைவிட ஒன்றரை மடங்குக்கு உட்பட்டால் பயமில்லை. ஒன்றரையைத் தாண்டினால் ஜாக்கிரதை. இரண்டு மடங்கைத் தாண்டினால் சாதாரணக் கடைக்காலை அங்கே போடவே கூடாது. ஒரே மாதிரியான இரண்டு கண்ணாடிக் குழாய்கள் கிடைத்தால் வீட்டிலேயே ஒரு மாணவன் செய்து பார்க்கலாம். அது எச்சரிக்கைக்கு உதவும், முடிவான தீர்ப்புக்குப் பொறியாளரே வேண்டும்.

கரிசல் நாலைந்து அடிக்குள் முடிந்து சுக்கானோ மொரம்போ வந்துவிட்டால், செலவைப் பாராமல் அதுவரை தோண்டிக் கெட்டி நிலத்தில் கடைக்காலை உட்காரவைப்பதே சிக்கனம். அதற்குமேல் ஆழமாகப் போனால், ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டிட ஆராய்ச்சி நிலையம் 1950-களில் இந்தியக் கரிசலுக்கென்றே உருவாக்கிய முறை ஒன்று உண்டு. கைத்துருவியால் மூன்றரை மீட்டர், அதாவது பதினோரடிக்கு மேற்பட்ட ஆழம் குறுகலான துளை போட்டு, அடியில் மாத்திரம் துளையின் விட்டத்தைப்போல் இரண்டரை மடங்குக்குக் குமிழாக விரித்து, கம்பி வைத்து கான்கிரீட் நிரப்புவார்கள். யானைக்கால்போல அடிபருத்த அந்தத் தூண்கள், பருவத்திற்குப் பருவம் அசைகிற மேல்மண்ணைக் கடந்து, அசையாத ஆழத்தில் வீட்டைப் பிடித்துக்கொள்ளும். தூண்களின் தலைகளை இணைக்கும் பீமை மண்ணில் படாமல் மூன்றங்குலம் உயர்த்தி வார்க்கவேண்டும். மண் உப்பி மேலே வரும்போது அதற்கு இடம் வேண்டுமல்லவா? பெரிய குழிகளும் பெரிய கம்பி மேட்டுகளும் இல்லாத இந்த முறையில் கான்கிரீட்டும் மண்வேலையும் குறைவு. எழுபது வருஷம் பழகிய இந்த வித்தை நம் சிற்றூர்களில் இன்னும் பரவாதது பெரிய குறை.

கரிசலில் தண்ணீரைச் சமமாக வைத்திருப்பது பாதி வைத்தியம். வீட்டைச் சுற்றி நாலடி அகலத்திற்கு வெளிச்சாய்வாகத் தளம் போடுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. அது நல்ல சட்டம், நிலத்தடி நீருக்கு உபகாரமானது. ஆனால் அந்தக் குழியைச் சுவரை ஒட்டி, கடைக்காலின் பக்கத்திலேயே தோண்டிவைப்பது கரிசல் மனையில் வீட்டை நாமே அசைப்பதாகும். மனை அனுமதிக்கிற மட்டும் தள்ளித் தோண்டுங்கள்.

கடைக்காலின் ஆழத்தைப்போலவே அதன் உயரமும் பணத்தை விழுங்குகிறது. ஆயிரம் சதுர அடி வீட்டின் பேஸ்மெண்டை ஓரடி உயர்த்தினால், ஏறக்குறைய ஆயிரம் கன அடி, அதாவது பத்து யூனிட் நிரப்பு வேண்டும். சுற்றிலும் ஓரடிக் கல்கட்டு வேறு. இரண்டடி போதுமான இடத்தில் நாலரை அடி உயர்த்துகிறவர்களைக் கேட்டால், தார்ச்சாலை ஒவ்வொரு தடவை போடும்போதும் உயர்ந்துகொண்டே வருகிறதே, நாளை தெருத்தண்ணீர் வீட்டுக்குள் வராதா என்கிறார்கள். அவர்கள் பயம் நியாயமானது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய தாரைப் போடவேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். அதை ஒவ்வொரு பேரூராட்சியும் கடைப்பிடித்தால், ஒவ்வொரு புது வீட்டுக்காரருக்கும் இருபத்தைந்து யூனிட் மண்ணின் விலை மிச்சமாகும். உள்ளாட்சி மன்றங்கள் இதைத் தங்கள் கடமையாகக் கொள்ளவேண்டும்.

அரசாங்கத்திடம் இன்னொரு விண்ணப்பமும் உண்டு. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்குட்பட்ட வீட்டிற்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சலை ஒழித்த நல்ல ஏற்பாடு. அதே வருஷம் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், 360 சதுர அடி வீட்டிற்கு மூன்றரை லட்ச ரூபாய் அளிக்கப்படுகிறது. 2030-க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்பது குறிக்கோள். மூன்றரை லட்சத்தில் வீட்டை முடிக்கவேண்டிய ஒரு விதவைத் தாய்க்கு, கடைக்காலில் மிச்சமாகும் ஒவ்வோர் ஆயிரமும் ஒரு கதவு, ஒரு ஜன்னல். மனை எந்த மண்ணில் இருக்கிறது என்று அவளுக்குச் சொல்ல ஓர் அதிகாரி வேண்டாமா? சேலம் கருப்பூரில் 1966-இல் தோன்றிய அரசினர் பொறியியல் கல்லூரி இருக்கிறது. திருச்செங்கோட்டிலும் ராசிபுரத்திலும் தனியார் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. கட்டிடப் பொறியியல் மாணவர்கள் கோடை விடுமுறையில் ஊர் ஊராகச் சென்று, திறந்த கிணறுகளின் சுவர்களைப் பார்த்து, எத்தனை அடியில் என்ன மண் என்று எழுதிவந்தால், இரண்டே வருஷத்தில் இரு மாவட்டங்களுக்கும் ஒரு மண் வரைபடம் தயாராகிவிடும். அதை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டிவைக்கலாம். கிணறுகள் வேகமாக மூடப்பட்டுவருகின்றன. இன்னும் பத்து வருஷம் தாமதித்தால் பார்ப்பதற்குக் கிணறு இராது.

வீடு கட்டப்போகிற அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வரைபடத்திற்குமுன், கூலிப் பேச்சுக்குமுன், வாஸ்து நாள் குறிப்பதற்கும்முன், மனையின் எதிரெதிர் மூலைகள் இரண்டிலும் நடுவிலுமாக மூன்று குழிகளை, மொரம்போ பாறையோ வரும்வரை, அல்லது ஆறடி வரை தோண்டிப் பாருங்கள். ஆறடியிலும் கெட்டி நிலம் வராவிட்டால் பொறியாளரை அழையுங்கள். இரண்டு ஆள்களுக்கு இரண்டு நாள் வேலை.